காரைக்காலுக்கு யார் பொறுப்பு? ஒரு நாற்காலியின் கதை

காரைக்கால்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வர்றது திருநள்ளாறு சனீஸ்வரன் கோயில், இல்லைனா காரைக்கால் அம்மையார். இந்த எபிசோட்ல நாம கோயிலுக்குப் போகல. ஒரு ஆபீஸுக்குப் போறோம். துணைநிலை ஆளுநர், அதாவது லெப்டினன்ட் கவர்னர்னு ஒரு பதவி இருக்கே, அந்த ஆபீஸ்.

அந்த ஆபீஸ் இருக்கிறது புதுச்சேரியில. அப்புறம் ஏன் காரைக்கால்? காரணம் இருக்கு. ஒரு பதவிக்கு உண்மையில எவ்வளவு அதிகாரம்னு தெரிஞ்சுக்கணும்னா, அது உட்கார்ந்திருக்கிற ஊர்ல நின்னு பார்த்தா போதாது. அதோட கையெழுத்துக்காகத் தூரத்துல காத்திருக்கிற ஊர்ல இருந்து பார்க்கணும். காரைக்கால் அப்படிப்பட்ட ஊர்.

மேப்பைத் திறந்து பாருங்க. கிழக்கே வங்கக் கடல், மத்த மூணு பக்கமும் தமிழ்நாடு. நடுவுல சுமார் 160 சதுர கிலோமீட்டர் காவிரி டெல்டா நிலம். 2011 கணக்கெடுப்புப்படி 2 லட்சம் பேர். தலைநகர் புதுச்சேரிக்குப் போகணும்னா சீர்காழி, சிதம்பரம், கடலூர்னு தமிழ்நாட்டுக்குள்ள சுமார் 130 கிலோமீட்டர் போகணும். பக்கத்துல இருக்கிற நாகப்பட்டினம் வேற அரசு. தூரத்துல இருக்கிற புதுச்சேரிதான் சொந்த அரசு.

இந்த விசித்திரம் எப்படி வந்தது?

ஒரு வாக்குறுதி, ஒரு ஏமாற்று

1738. தஞ்சாவூர் மராத்திய அரச குடும்பத்துல வாரிசுச் சண்டை. சிம்மாசனத்தை இழந்த சாஹுஜி, புதுச்சேரியில இருந்த பிரெஞ்சு கவர்னர் டூமாகிட்ட உதவி கேட்கிறார். பதிலுக்குக் காரைக்காலைத் தர்றதா ஒப்பந்தம். ஆனா பிரெஞ்சுக்காரங்க உதவி வந்து சேர்றதுக்குள்ளேயே அவருக்குச் சிம்மாசனம் திரும்பக் கிடைச்சிருச்சு. அப்புறம் எதுக்கு ஊரைக் கொடுக்கணும்? சாஹுஜி இழுத்தடிச்சார். அப்போ தஞ்சாவூரோட மோதிக்கிட்டிருந்த சந்தா சாகிப் நடுவுல புகுந்து, காரைக்காலைப் பிடிச்சு பிரெஞ்சுக்காரங்க கையில ஒப்படைச்சார். 1739 பிப்ரவரியில பிரெஞ்சுக் கொடி ஏறுச்சு. அடுத்த பத்துப் பதினோரு வருஷத்துல கிராமங்களோட எண்ணிக்கை 81 ஆச்சு.

ஊரோட தலையெழுத்தை யார் முடிவு பண்ணாங்கன்னு பாருங்க. தஞ்சாவூர் ராஜா, புதுச்சேரி கவர்னர், சந்தா சாகிப். மூணு பேருமே காரைக்கால்ல இல்ல.

அதுக்கப்புறமும் அதே கதைதான். ஐரோப்பாவுல பிரான்ஸும் இங்கிலாந்தும் சண்டை போட்டா, இங்கே காரைக்கால் கை மாறும். 1760, 1778, 1793னு மூணு தடவை இங்கிலீஷ்காரங்க கைக்குப் போய், மூணு தடவையும் திரும்பி வந்தது. கடைசியா திரும்பினது 1817 ஜனவரியில.

ஷெஃப், அட்மினிஸ்த்ரத்தேர்

1840-ல பிரெஞ்சு அரசு ஒரு ஆணை மூலமா தன்னோட இந்தியப் பகுதிகளுக்கு ஒழுங்கான நிர்வாக அமைப்பு கொண்டுவந்தது. கவர்னர் புதுச்சேரியில. காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஒவ்வொண்ணுக்கும் அவருக்குக் கீழே ஒரு அதிகாரி. முதல்ல அவருக்கு 'ஷெஃப் த செர்வீஸ்'னு பேர், பின்னால 'அட்மினிஸ்த்ரத்தேர்'. நம்ம வார்த்தையில நிர்வாகி.

சின்ன ஊர், சின்ன வேலைன்னு நினைச்சுடாதீங்க. 19-ஆம் நூற்றாண்டுல ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளோட கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் கப்பல் ஏறின துறைமுகங்கள்ல காரைக்காலும் ஒண்ணு. ஏறினவங்கள்ல நிறைய பேர் சுத்தியிருந்த பிரிட்டிஷ் பகுதியில இருந்து வந்தவங்க. அதனால 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவங்களைக் கவனிக்க காரைக்கால்லயே ஒரு பிரிட்டிஷ் ஏஜென்ட் இருந்தார்.

இருந்தாலும் பெரிய முடிவு எதுவும் இந்த நிர்வாகி கையில இல்ல. அவர் புதுச்சேரியைக் கேட்கணும், புதுச்சேரி பாரிஸைக் கேட்கணும். இந்தச் சங்கிலியை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பி வரப்போகுது.

ஆனா அதே பிரெஞ்சு ஆட்சி கீழே இன்னொரு ஏணியும் வெச்சது. 1872-ல உள்ளூர் மன்றம். 1880-ல 'கொம்யூன்'. அதாவது தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள், ஒரு மேயர். 1907-ல காரைக்கால் பகுதியில ஆறு கொம்யூன் ஆச்சு: காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம். அது சொக்கத் தங்கமான ஜனநாயகம் இல்ல. பெண்களுக்கு ஓட்டு கிடையாது. ஐரோப்பியர்களுக்கும் இந்தியர்களுக்கும் தனித்தனி வாக்காளர் பட்டியல் வெச்சிருந்தாங்க. ஆனா மேல நாற்காலியில பாரிஸ் அனுப்பின ஆள் இருந்தாலும், கீழே நாற்காலியில ஊர்க்காரர் இருந்தார்.

அந்தக் கீழ் நாற்காலிதான் பிற்பாடு சரித்திரத்தை மாத்துச்சு.

கீழூர்ல போட்ட ஓட்டு

1954 அக்டோபர் 18. புதுச்சேரிக்குப் பக்கத்துல கீழூர் கிராமம். இந்தியாவோட சேரலாமா, வேண்டாமானு வாக்கெடுப்பு. ஓட்டுப் போட்டது மொத்த ஜனங்களும் இல்ல, பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் கொம்யூன் கவுன்சிலர்களும்தான். மொத்தம் 178 பேர். சேரலாம்னு 170, வேண்டாம்னு 8. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல.

அதாவது, காரைக்கால் எந்த நாட்டைச் சேர்ந்ததுங்கிற கேள்விக்கு, 215 வருஷத்துல முதல் தடவையா காரைக்கால்காரங்களும் உட்கார்ந்து பதில் சொன்னாங்க. அவங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தினதுல பெரிய பங்கு அந்தக் கவுன்சிலர் பதவிக்கு.

லெப்டினன்ட்னா என்ன?

பிரெஞ்சு கவர்னர் போனதும் தலைமை ஆணையர் வந்தார். முதல் ஆள் கேவல் சிங். அப்புறம் 1963-ல யூனியன் பிரதேச அரசுகள் சட்டம். சட்டமன்றம், முதலமைச்சர், மேலே துணைநிலை ஆளுநர். முதல் துணைநிலை ஆளுநர் எஸ்.எல். சிலம், மகாராஷ்டிர சட்டமன்றத்தின் முதல் சபாநாயகரா இருந்தவர். பிரெஞ்சு கவர்னர் மாளிகைதான் ராஜ் நிவாஸ் ஆச்சு.

இந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனிப்போம். 'லெப்டினன்ட்' அசல்ல பிரெஞ்சு வார்த்தை. 'லியூ'ன்னா இடம், 'தெனான்'னா பிடிச்சிருப்பவர். இன்னொருத்தருக்குப் பதிலா அந்த இடத்துல இருப்பவர்னு அர்த்தம். ஆனா வேடிக்கை என்னன்னா, இந்தப் பதவிப் பேர் புதுச்சேரிக்கு பிரான்ஸ்ல இருந்து வரல. பிரிட்டிஷ் இந்தியாவோட வழக்கம் அது. 1854-லயே வங்காளத்துக்கு ஒரு லெப்டினன்ட் கவர்னர் இருந்தார்.

அப்போ புதுச்சேரியில இவர் யாரோட இடத்துல இருக்கார்? அரசியல் சட்டத்தின் 239-ஆம் பிரிவுல பதில் இருக்கு. யூனியன் பிரதேசத்தைக் குடியரசுத் தலைவர் ஒரு 'அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலமா நிர்வகிப்பார். துணைநிலை ஆளுநர்ங்கிறது அந்த அட்மினிஸ்ட்ரேட்டருக்குக் கொடுத்த பேர்தான். காரைக்கால்ல பிரெஞ்சுக்காரன் வெச்ச அதே வார்த்தை, இப்போ ஒரு படி மேல ஏறி துணைநிலை ஆளுநர் நாற்காலியில உட்கார்ந்திருக்கு.

மாநில ஆளுநருக்கும் இவருக்கும் வித்தியாசம் இங்கேதான். 1963 சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, அமைச்சரவையோட கருத்து வேறுபாடு வந்தா, துணைநிலை ஆளுநர் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பணும். பதில் வர்ற வரைக்கும், அவசரம்னு தோணினா அவரே நடவடிக்கை எடுக்கலாம். அந்தப் பழைய சங்கிலி ஞாபகம் இருக்கா? காரைக்கால், புதுச்சேரி, பாரிஸ். இப்போ காரைக்கால், புதுச்சேரி, டெல்லி.

2016-ல இருந்து 2021 வரைக்கும் நாம டிவியில பார்த்த கிரண் பேடி, நாராயணசாமி மோதலோட வேர் இதுதான். ரேஷன் கார்டுக்கு இலவச அரிசியா, இல்ல வங்கிக் கணக்குல பணமாங்கிறதுல கூட இழுபறி. 2019 பிப்ரவரியில முதலமைச்சரே ராஜ் நிவாஸ் வாசல்ல தர்ணா உட்கார்ந்தார். அந்த ஏப்ரல்ல, அன்றாட நிர்வாகத்துல ஆளுநர் தலையிடக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2020 மார்ச்ல அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணுச்சு. சண்டை ராஜ் நிவாஸ் வாசல்ல நடந்தது. அரிசி வருமா வராதான்னு காத்திருந்ததுல காரைக்கால் வீடுகளும் உண்டு.

கீழ் நாற்காலி எங்கே?

இப்போ கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். 1955 பிரதிநிதிகள் சபையில 39 இடம், அதுல காரைக்காலுக்கு 12. 1964 சட்டமன்றத்துல 30 இடம், காரைக்காலுக்கு 6. இன்னைக்கு அதே 30-ல 5. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கா இருந்த குரல், ஆறுல ஒரு பங்கா ஆயிருச்சு. மக்கள்தொகை கணக்குப்படி இது சரிதான். ஆனா சபையில கை தூக்குறவங்க குறைஞ்சுட்டாங்கங்கிறதும் நிஜம்.

உள்ளூர்ல நிர்வாகி பதவி பின்னால கலெக்டர் ஆச்சு. மாஹே, ஏனாம்ல இன்னும் மண்டல நிர்வாகிதான். ரெண்டு பேருமே நியமனம்.

சரி, கொம்யூன் என்ன ஆச்சு? 1880 ஆணை சுதந்திரத்துக்கு அப்புறமும் உயிரோட இருந்தது. 1968-ல அதன்படியே தேர்தலும் நடந்தது. 1973-ல புது நகராட்சிச் சட்டமும் பஞ்சாயத்துச் சட்டமும் வந்துச்சு. அடுத்த தேர்தல் எப்போ தெரியுமா? 2006-ல. 38 வருஷ இடைவெளி. அந்த மன்றங்களோட காலம் 2011-ல முடிஞ்சது. 2021-ல தேர்தல் அறிவிச்சாங்க, அதுவும் நின்னு போச்சு. இத்தனைக்கும் 1907-ல பிரிச்ச அதே ஆறு பகுதிகள்தான் இன்னைக்கும் ஒரு நகராட்சி, ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துனு இருக்கு. போர்டு இருக்கு, கட்டடம் இருக்கு. நாற்காலியில அதிகாரி இருக்கார்.

துணைநிலை ஆளுநருக்கு அதிகாரம் அதிகமா, முதலமைச்சருக்கு அதிகமாங்கிறது முக்கியமான கேள்விதான். மாநில அந்தஸ்து வேணும்னு புதுச்சேரி பல வருஷமா கேட்கிறதும் நியாயமான கோரிக்கைதான். ஆனா ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறது 130 கிலோமீட்டர் தள்ளி. யார் ஜெயிச்சாலும் நெடுங்காட்டுல தெரு விளக்கு எரியலைன்னா, திருமலைராயன்பட்டினத்துல வாய்க்கால் தூர்ந்துட்டா, ஊர்க்காரர் யாரோட வீட்டுக் கதவைத் தட்டுவார்? மேல் நாற்காலியைப் பத்தி நடக்கிற சண்டை தினமும் செய்தியாகுது. கீழ் நாற்காலி காலியா கிடக்கிறது செய்தியே ஆகறதில்ல.

1954-ல கீழூருக்குப் போய், எந்த நாட்டோட இருக்கணும்னு முடிவு பண்ண ஒரு கவுன்சிலருக்கு உரிமை இருந்தது. இன்னைக்கு அந்த வார்டோட குப்பை வண்டி எந்த நேரத்துக்கு வரணும்னு கேட்க அங்கே ஒரு கவுன்சிலர் வேணும். அடுத்த தடவை துணைநிலை ஆளுநர் பதவி பத்தி விவாதம் ஓடினா, இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.