தசைகளின் பெயரும் தமிழ் மருத்துவக் கல்வியும்

மனித உடலில் 600க்கு மேற்பட்ட எலும்புத் தசைகள் உள்ளன. அவற்றுள் முதன்மையானவற்றின் பெயரையும் இருப்பிடத்தையும் ஐயமற அறிந்த பின்னரே மருத்துவ மாணவன் அறுவைக் கத்தியைக் கையிலெடுக்க இயலும். இன்று பாடநூல்களில் ஒழுங்குற நிற்கும் அப்பெயர்கள் எளிதில் அமைந்தவை அல்ல.

1543ஆம் ஆண்டில் பாசல் நகரில் வெசாலியஸ் வெளியிட்ட உடற்கூற்று நூல், தோல் உரித்த மனித உருவங்களின் வாயிலாகத் தசைகளை அடுக்கடுக்காகக் காட்டிற்று. எனினும் அவர் பெரும்பாலான தசைகளை எண்ணிட்டே சுட்டினார். எண்ணும் முறை ஆளுக்காள் மாறினால் தசையின் அடையாளமும் மாறிவிடும். பாரிசில் அவருக்கு ஆசிரியராயிருந்த சில்வியஸ் பல தசைகளுக்குப் பெயர் சூட்டி இக்குறையைப் போக்க முனைந்தார். காலப்போக்கில் ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் பெருகவே, 1895இல் அதே பாசல் நகரில் அறிஞர் கூடிப் பொதுப் பெயர்ப் பட்டியல் ஒன்றை வகுத்தனர்.

அப்பெயர்கள் வெறும் குறிகள் அல்ல, பொருள் உடையவை. மேற்கையின் முன்புறத்தில் இருப்பது இருதலைத் தசை. பின்புறத்தில் இருப்பது முத்தலைத் தசை. தோளைப் போர்த்தி நிற்பது, முக்கோண வடிவுடைய டெல்டா என்னும் கிரேக்க எழுத்தால் பெயர் பெற்றது. தொடையின் குறுக்கே நீண்டு செல்வது, காலை மடக்கி அமரும் தையற்காரரின் பெயரைத் தாங்குவது. கிரேக்கர் 'காலின் வயிறு' என்றழைத்த தசைப் பகுதியைத் தமிழர் கெண்டை மீனை நினைவூட்டும் வகையில் கெண்டைக்கால் என்றனர். பொருள் விளங்குவோர்க்குப் பெயரே வழிகாட்டி. விளங்காதோர்க்கோ அது மனனச் சுமை.

இவ்வுண்மையைச் செயலில் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், 1848இல் வட்டுக்கோட்டையில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிப் பின்னர் மானிப்பாயில் அப்பணியைத் தொடர்ந்தார். ஆங்கிலத்தில் பயின்றோர் அரசுப் பணி நாடிச் செல்ல, சிற்றூர் மக்கள் மருத்துவரின்றி நின்றனர். எனவே 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கலைச்சொல் வேண்டுமிடத்து முதலில் தமிழ்ச் சொல்லையும், அது கிட்டாதபோது வடசொல்லையும், இரண்டும் இயலாதபோதே ஆங்கில ஒலிபெயர்ப்பையும் கொள்வது அவர்தம் நெறி. தலை முதல் அடி வரை உடலுறுப்புகளை விளக்கும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் மறையும் வரை, தமிழ் மருத்துவ நூற்பணியை அவர் கைவிடவில்லை.

உடலை அறிய மொழி தடையாதல் கூடாது என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடம். அயல்நாட்டார் ஒருவர் தமிழில் இயலுமென நம்பிச் செய்து காட்டியதைத் தமிழரே இயலாதெனக் கூறுவது பொருந்துமோ? பொருள் விளங்கக் கற்ற பெயர் நெஞ்சில் நிலைக்கும். நிலைத்த அறிவே நோயாளியின் உடலைத் தொடும் கைக்கு உறுதி தரும்.