ஒரு தாளின் வரலாறு

வடபழனி ஆண்டவர் கோயிலுக்கு அருகே வசிக்கும் நண்பர் ஒருவருக்கு நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமா சென்ற மாதம் உறுதியாயிற்று. கீமோதெரபி தொடங்குமுன் செய்யவேண்டியவற்றை மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: இரத்த அணுக்களின் எண்ணிக்கை, இதயத்துக்கு எக்கோ, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை, அலோபியூரினால் மாத்திரை. "கட்டி கழுத்தில், சோதனையெல்லாம் மற்ற இடங்களில்" என்றார் நண்பர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், தாளைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அத்தாளின் வரிகளுக்குப் பின்னே உள்ள வரலாற்றை அன்று அவரிடம் சொன்னோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

முதல் வரி போரிலிருந்து வந்தது. முதல் உலகப்போரில் மஸ்டர்ட் வாயுவுக்கு இரையானவர்களின் உடலில் வெள்ளணுக்கள் அருகிப்போயிருந்தன. அவ்வணுக்கள் கட்டின்றிப் பெருகும் நோயை அந்த நஞ்சைக் கொண்டே அடக்கலாமா என்ற வினா பின்னர் எழுந்தது. கில்மன், குட்மன் என்னும் இருவரின் ஆய்வையொட்டி, 1942 ஆகஸ்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நைட்ரஜன் மஸ்டர்ட் ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. அவருக்கிருந்ததும் நிணநீர்ப் புற்றே. கட்டிகள் கரைந்தன, கூடவே எலும்பு மஜ்ஜையும் நலிந்தது. நோய் திரும்பி, அவ்வாண்டு டிசம்பரில் அவர் இறந்தார். போர்க்கால இரகசியமாதலால் 1946 வரை இவை வெளிவரவில்லை. வரலாறு அவரைப் பெயரின் முதலெழுத்துகளால் மட்டுமே குறித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் அணுக்களை எண்ணும் வழக்கத்தில் அவருக்கும் பங்குண்டு.

எக்கோவுக்குக் காரணம் டாக்சோரூபிசின் என்னும் சிவப்பு மருந்து. உடலில் சேரும் மொத்த அளவு கூடக்கூட அது இதயத்தைத் தளர்த்துவது 1970களில் தெளிவாயிற்று. அதன்பின் அம்மொத்த அளவுக்கு வரம்பு கட்டினர். ஹெபடைட்டிஸ் பரிசோதனை, அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாபின் பொருட்டு. உடலில் உறங்கும் அவ்வைரஸை அது எழுப்பிவிடக்கூடும். அலோபியூரினாலின் கதை சற்று விந்தையானது. மருந்து நன்கு வேலை செய்து கட்டி விரைந்து அழியும்போது, மடிந்த அணுக்களின் கழிவு யூரிக் அமிலமாகிச் சிறுநீரகத்தைத் தாக்கும். வெற்றியினால் வரும் ஆபத்து அது. அதைத் தடுக்கும் இம்மாத்திரையை உருவாக்கிய எலியனும் ஹிட்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசு பெற்றனர்.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றியது. தொடக்கத்தில் பன்னிரண்டு படுக்கைகளே இருந்தன. 1955இல் அங்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை அந்நிலையத்துக்காகவே வாழ்ந்தார்.

நண்பருக்கான மருந்துகளில் வின்கிரிஸ்டின் என்றொரு பெயரும் இருந்தது. அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. கனடாவில் நோபிள், பீர் என்னும் ஆய்வாளர்கள், நீரிழிவுக்கு மருந்தாகுமா என அதன் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. அவ்வழியே 1958இல் வின்பிளாஸ்டினும், அடுத்து வின்கிரிஸ்டினும் வந்தன.

நாம் சுடுகாட்டுமல்லி என்று ஒதுக்கியதும், பூசைக்குப் பறித்ததும் அதே பூவைத்தான். நண்பர் வீட்டு மாடித் தொட்டியிலும் அது பூத்திருந்தது. அவர் அதைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, "முதலில் எக்கோவை முடித்துவிடலாம்" என்றார். உடன் புறப்பட்டோம்.