சென்னை நீர்நிலைகளும் காண்பார் இன்பமும்

தமிழர் நீரோடு கொண்ட உறவினை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் காவிரியையும் வையையையுமே எடுத்துக்கொள்வர். பரிபாடலில் வையைக்கெனத் தனிப்பாடல்கள் அமைந்திருத்தலும், சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என ஒரு காதையே விளங்குதலும் அதற்குக் காரணமாகும். சென்னை நகர்க்கோ அத்தகைய நீர்வரலாறு இல்லை என்னும் எண்ணம் கற்றாரிடத்தும் உண்டு. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்னும் மூன்று பகுதிகளையேனும் கூர்ந்து நோக்குவார்க்கு அவ்வெண்ணம் பொருந்தாது என்பது புலனாகும். குளம், ஏரி, கால்வாய், ஆறு என்னும் நால்வகை நீர்நிலைகளும் இச்சிறு பரப்பினுள் இருந்தன. அவற்றைக் கண்டு மகிழ்ந்தவர் யாவர், அம்மகிழ்ச்சி எவ்விடத்து நிலைத்தது, எவ்விடத்து அற்றது என்பவற்றை ஈண்டு முறையே ஆராய்வோம்.

மயிலைக் கடலும் குளமும்

மயிலையின் நீர்விழாவுக்குக் கிடைக்கும் தொன்மையான சான்று திருஞானசம்பந்தர் அருளிய பூம்பாவைத் திருப்பதிகம் ஆகும். ஏழாம் நூற்றாண்டினதாகிய அப்பதிகம் மயிலையில் திங்கள்தோறும் நிகழ்ந்த விழாக்களை நிரல்படக் கூறுகின்றது. அவற்றுள் மாசிக் கடலாட்டு ஒன்று. ஊர்மக்கள் கடலாட, இறைவன் அதனைக் காண்பவனாக அமர்ந்திருக்கின்றான் என்பது அப்பாடலின் கருத்து. நீராடுவோர் ஒருபுறமும் அதனைக் கண்டு மகிழ்வோர் மறுபுறமுமாக அமையும் விழாமுறை அன்றே மயிலையில் இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இக்காலத்துக் கபாலீசுவரர் கோயில் தெப்பத் திருவிழா தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் நிகழ்கின்றது. பதிகத்திலும் தைப்பூசம் வருகின்றது. ஆயின் ஆண்டுக் கூறப்படுவது நெய் பெய்த சோற்றுடன் மகளிர் கொண்டாடிய விழாவேயன்றித் தெப்பம் அன்று. எனவே பூச நாள் பழையது, தெப்பம் அந்நாளொடு பின்னர் இயைந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். பழைய கோயில் கடற்கரையை அடுத்து இருந்தது என்பது அருணகிரிநாதர் பாடலால் அறியப்படும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமில் குடியேறிய பின்னரே கோயில் இன்றுள்ள இடத்தில் எழுந்தது என்பர் வரலாற்றாசிரியர். கோயில் கடலை விட்டு உள்ளே வந்தபோது, அதன் முன்னர் ஒரு குளம் வேண்டப்பட்டது இயல்பே. குளத்திற்குரிய நிலம் ஆர்க்காட்டு நவாப்பினால் அளிக்கப்பெற்றது என வழங்கும் செய்தியும், முகரம் நாளில் இசுலாமியர் இக்குளத்திற்கு வரும் வழக்கமும், அந்நீர் பல சமயத்தார்க்கும் பொதுவாய் இருந்தமையைக் காட்டும்.

வறட்சி மிக்க ஆண்டுகளில் இக்குளமும் நீர் வற்றியதுண்டு. ஆயினும் தூர்க்கப்படவில்லை. ஆண்டுதோறும் தெப்பம் மிதத்தல் வேண்டும் என்னும் கடப்பாடு அதனைக் காத்தது.

மாம்பலத்து ஏரி

ஏர்த்தொழிலுக்கு உதவுவது ஏரி என அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். அப்பொருளை மெய்ப்பிப்பதாக அமைந்துள்ளது மாம்பலத்து ஏரியின் வரலாறு. நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த நீர்ப்பரப்பினை ஆங்கிலேயர் லாங் டேங்க் என்றனர். அதன் நீளமே அப்பெயர்க்குக் காரணம். நகர் விரிந்து, குடியிருப்பு நிலத்தின் விலை உயர்ந்த காலை, ஏரியால் வரும் பயனினும் ஏரி கிடந்த நிலத்தால் வரும் பயன் பெரிதாகத் தோன்றிற்று. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் பின்னர், 1923ஆம் ஆண்டளவில் ஏரியை வடித்துத் தூர்க்கும் பணி தொடங்கியது. அவ்விடத்து எழுந்த புதுநகர், நீதிக்கட்சித் தலைவரும் 1925இல் மறைந்தவருமாகிய சர் பி. தியாகராயர் பெயரைப் பெற்றது. அதன் நடுவே அமைந்த பூங்கா பனகல் அரசர் பெயரால் வழங்குகின்றது.

ஏரி மறைந்தும் பெயர்கள் மறைந்தில. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு. அங்கு நின்று நோக்குவார்க்கு ஏரி தோன்றுவதில்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு உண்டு. கரையின் பெயரைத் தாங்கிய தெரு ஒருபுறமும் நீர் இன்றிக் கிடக்கின்றது. 1976இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கத்து ஏரிநிலத்திலேயே எழுந்தது. வானத்து நீரின் சிறப்பினைத் தம் நூலின் இரண்டாம் அதிகாரமாக வைத்த புலவர்க்கு, நீர் அகற்றிய நிலத்தில் நினைவகம் அமைந்தமை எண்ணத்தக்கது. 2021ஆம் ஆண்டு நவம்பர் மழையில் தியாகராய நகரும் மாம்பலமும் வெள்ளத்துள் ஆழ்ந்தன. வடிகாலின் குறைகள் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. அவற்றோடு, அந்நிலம் முன்னர் நீர் தங்குதற்கென்றே அமைந்த தாழ்நிலம் என்பதனையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

பக்கிங்காம் கால்வாய்

1806ஆம் ஆண்டளவில் பேசில் காக்ரேன் என்பார் சென்னையினின்று வடக்கே எண்ணூர் வரை ஒரு கால்வாயை அமைத்தார். பின்னர் அது பழவேற்காட்டு ஏரி வரை நீண்டது. 1837இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. தென்பகுதியோடு அதனை இணைத்த செயல் ஒரு பெருந்துயரின் விளைவாகும். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி பஞ்சநிவாரண வேலையாக வெட்டப்பெற்றது. மயிலாப்பூர் வழியாகச் செல்லும் பகுதி இதுவே. கூலிக்கு மண் சுமந்தோர் பசித்தோர். பெயர் பெற்றவரோ அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனார்.

விறகும் உப்பும் நெல்லும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் ஏற்றிய தோணிகள் இக்கால்வாயில் இயங்கின. காற்று வாய்த்தபோது பாய் விரித்தனர். வாயாதபோது கழியால் உந்தினர், அல்லது கரையில் நின்று கயிறு கட்டி இழுத்தனர். சரக்குத் தோணிகள் ஓடிய இவ்வழியே இன்பச்செலவும் நிகழ்ந்தது. அதற்குச் சிறந்த சான்று பாவேந்தர் பாரதிதாசனார் பாடிய மாவலிபுரச் செலவு என்னும் பாடல். புதுவையினராகிய அவர் 1934இல் நண்பர்களுடன் சென்னையினின்று மாமல்லபுரத்திற்குத் தோணியிற் சென்றதன் விளைவே அது. நிலவும் நீரும் தந்த களிப்பினைப் பாடிய கவிஞர், தோணியை உந்தியும் இழுத்தும் செலுத்தியவர் உழைப்பினையும் பாடாது விட்டிலர். பூம்பாவைப் பதிகத்தில் காண்பவன் இறைவன். ஈண்டுக் காண்பவர், தம்மைச் சுமந்து செல்வோரையும் உடன் காண்கின்றார். நீரின்பம் பற்றிய தமிழ்ப் பாடல் மரபில் இம்மாற்றம் தனியே ஆராய்தற்குரியது.

சரக்குகள் இருப்புப்பாதைக்கும் லாரிக்கும் மாறியபின் கால்வாய் தன் தொழிலை இழந்தது. 1960களின் நடுவில் வீசிய புயல்கள் அதனை மேலும் சிதைத்தன. கழிவுநீர் புகுந்தது. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயினுள்ளேயே எழுந்தன. 1997இல் திருமயிலை நிலையம் திறக்கப்பெற்றது. 2008இல் இக்கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் உறுப்பாக அறிவிக்கப்பெற்றும், மயிலையில் தூண்களின் இடையே தோணி செல்லுதல் அரிதாயிற்று.

அடையாறு

அடையாற்றின் கரைகள் சென்ற நூற்றாண்டுகளில் செல்வர் சிலரின் இன்பத்திற்கே உரியனவாய் இருந்தன. 1867இல் தோன்றிய மெட்ராஸ் போட் கிளப் இவ்வாற்றங்கரையில் நிலைகொண்டது. 1882இல் பிரம்மஞான சபையார் தென்கரையில் தம் தலைமையிடத்தை அமைத்தனர். பொதுமக்கட்கு ஆறு கடத்தற்குரியதாகவே இருந்தது. சைதாப்பேட்டையில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் தம் பொருளால் பாலம் கட்டுவித்தார். அதற்கு மாற்றாக 1966இல் எழுந்த பாலம் மறைமலையடிகள் பெயரையும், கழிமுகத்தருகே 1973இல் எழுந்த பாலம் திரு.வி.க. பெயரையும் தாங்கி நிற்கின்றன. தமிழறிஞர் இருவர் ஓர் ஆற்றின்மேல் இவ்வாறு நினைக்கப்பெறுதல் நமக்கு உவகை தருவதே.

ஆறும் கடலும் கலக்கும் இடத்துள்ள நீரினைச் சங்கச் சான்றோர் கழி என்றனர். கண்டலும் தாழையும் தில்லையும் அந்நிலத்தின் மரங்கள். அடையாற்றுக் கழியின் ஒரு பகுதியாகிய 58 ஏக்கர் நிலம் சீர்செய்யப்பெற்று, 2011இல் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயருடன் திறக்கப்பெற்றது. நெய்தல் திணையை நூலில் மட்டுமே பயின்ற மாணவர்க்கு, அதன் கருப்பொருள்களை நகரின் நடுவே நேரிற் காட்டவல்லது இவ்விடம். ஆயினும் 2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அடையாறு கரை கடந்து உயிர்களையும் உடைமைகளையும் கொண்டது. ஆறு காண்பார் இன்பத்திற்கென மட்டும் அமைந்ததன்று என்பதனை நகர் அன்று உணர்ந்தது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் ஒரு கருத்துத் தெளிவாகும். நீரின்பம் நீர்ப்பயனைச் சார்ந்தே நிற்கின்றது. விழாக் கடப்பாடு உள்ள குளம் நின்றது. பாசனம் அற்ற ஏரி மறைந்தது. வாணிகம் அற்ற கால்வாய் சாக்கடையாயிற்று. கழி மட்டும், பயன் நோக்காது இயற்கையைக் காத்தற்கென்றே மீட்கப்பெற்ற புதுமுறைக்கு எடுத்துக்காட்டாய் உள்ளது. அம்முறை குளத்திற்கு விழாப் போல நெடுங்காலம் காவலாக நிற்குமா என்பதனை வருங்காலமே காட்டும்.

சென்னையைக் காண வருவோர் மயிலைக் குளப்படியில் தொடங்கி, மாம்பலத் தெருப்பெயர்களைப் படித்து, கால்வாய்க் கரை வழியே சென்று, அடையாற்றுக் கழியில் முடித்தல் நன்று. ஒரு நாட்செலவில் நகரின் நீர்வரலாறு முழுதும் கண்முன் விரியும். முதுகலை மாணவர்க்கு இதனினும் இன்றியமையாத கடமை ஒன்று உண்டு. கால்வாயில் தோணி செலுத்தியோரின் வழித்தோன்றல்கள் இன்னும் கரையூர்களில் வாழ்கின்றனர். அவர்தம் தொழிற்சொற்களையும் ஏலப்பாட்டுகளையும் தொகுத்தல் வேண்டும். ஏரி போனபின் தெருப்பெயரேனும் எஞ்சியது. தோணி போனபின் எஞ்சியவை அச்சொற்களே. அவற்றை அறிந்த முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர்.