மசகு: ஒரு சொல்லும் ஒரு பழைய காரும்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தில் அரியலூரும் அடங்கியிருந்தது. 2001இல் அது தனி மாவட்டமாயிற்று. 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டது. 2007இல் மறுபடியும் பிரிந்தது. எல்லைகள் மாறினாலும் இவ்விரு ஊர்களுக்கும் இடையே அன்றாடம் போய்வருவோர் குறையவில்லை. அவர்களுள் சிலர் இன்னும் மாருதி 800 வைத்திருக்கிறார்கள். 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது.

அத்தகைய ஒருவர் ஆயில் மாற்றுவதற்காக உதிரிபாகக் கடைக்குப் போனால், அங்கே மூன்று வகை டப்பாக்கள் இருக்கின்றன: மினரல், செமி சிந்தெட்டிக், ஃபுல்லி சிந்தெட்டிக். விலையும் அதே வரிசையில் ஏறுகிறது. மலிவான சிந்தெட்டிக் ஒன்றை வாங்கிவிடலாமா என்று அவர் தயங்குகிறார். இது மெக்கானிக்கிடம் கேட்டுத் தெளியவேண்டிய ஐயம் போலத் தோன்றும். ஆயினும் அதன் வேர் ஒரு சொல்லின் பொருளில் இருக்கிறது. சொற்களோடு பழகும் நாம் அதைச் சற்றே கிளறிப் பார்ப்பது தகும்.

அச்சைப் பற்றிய கவலை தமிழுக்குப் புதிதன்று. உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கத்தைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உவமையாக்குகிறார். அச்சு தேயாதிருக்க இட்ட பொருளுக்கு நம்மவர் வைத்த பெயர் மசகு. வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையையே அச்சொல் குறித்தது. இன்று பாடநூல்களில் மசகு எண்ணெய் என்றால் இஞ்சின் ஆயிலும் அதன் இனமும். இலங்கைத் தமிழ் நாளேடுகளிலோ அது கச்சா எண்ணெய். ஒரே சொல் கடலின் இரு கரைகளில் இரு பொருள் தருகிறது. சொல்லை நம்பிப் பொருளை வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பதற்கு இதுவே முதற் சான்று.

ஆமணக்கு நம் மானாவாரி நிலத்துக்கு அயலானதன்று. சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. மாட்டுவண்டிக்கு உதவிய அந்த எண்ணெய் விமானத்துக்கும் உதவிற்று. முதல் உலகப் போர்க்காலத்துச் சுழல்வகை விமான இஞ்சின்களுக்கு அதுவே மசகு. பெட்ரோலோடு அது எளிதில் கலப்பதில்லை என்பது காரணம். 1899இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு தொடங்கிய நிறுவனம், 1909இல் தன் எண்ணெய்க்குக் காஸ்ட்ரால் என்று பெயரிட்டபோது, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் என்பதையே அதற்குள் பொதிந்து வைத்தது. பின்னர் ஜெட் விமானங்கள் வந்தன. அவற்றின் தொடக்ககாலச் செயற்கை எண்ணெய்கள் சிலவற்றுக்கு வேண்டிய செபாசிக் அமிலமும் ஆமணக்கெண்ணெயிலிருந்தே எடுக்கப்பட்டது. செயற்கை என்ற அடைமொழியின் பின்னால் நம் வேலியோரச் செடி நின்றிருக்கிறது.

கார் இஞ்சினுக்கு வந்த எண்ணெயோ பெரும்பாலும் பூமிக்கடியிலிருந்து கிடைத்தது. 1965இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969இல் மணலியில் சுத்திகரிப்பைத் தொடங்கியது; மசகுக்கான அடிப்படை எண்ணெயும் அங்கே உற்பத்தியாயிற்று. 1972இல் இந்தியன் ஆயில் சர்வோவை அறிமுகப்படுத்தியது. 1990களின் தொடக்கத்தில் இத்துறை தாராளமயமானபின் பன்னாட்டுப் பெயர்கள் கடைகளில் பெருகின. சிந்தெட்டிக் என்ற சொல் பரவலாக நம் காதில் விழத் தொடங்கியதும் அதற்குப் பிறகே.

அச்சொல்லின் முதற்பொருள் தெளிவானது. சிறு மூலக்கூறுகளை வேதிவினையால் இணைத்துப் புதிதாகக் கட்டப்பட்ட எண்ணெய் சிந்தெட்டிக். 1974இல் அமெரிக்காவில் வந்த மொபில் 1 இவ்வாறு பாலி ஆல்ஃபா ஒலிஃபினால் ஆனது. பின்னர், கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினைப்படுத்தி மிகத் தூய்மையான எண்ணெய் பெறும் முறை வளர்ந்தது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ.யின் வகைப்பாட்டில் இது மூன்றாம் தொகுதி; பாலி ஆல்ஃபா ஒலிஃபின் நான்காம் தொகுதி. மூன்றாம் தொகுதியைக் கொண்டு செய்த எண்ணெயைக் காஸ்ட்ரால் சிந்தெட்டிக் என்று விளம்பரப்படுத்தியது, மொபில் முறையிட்டது. 1999இல் அமெரிக்க விளம்பரத் துறையின் தன்னொழுங்கு அமைப்பு, அவ்வாறு அழைப்பதில் பிழையில்லை என்று முடிவு கூறியது. நீதிமன்றத் தீர்ப்பு அன்று அது. ஆயினும் பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. எண்ணெய் மாறாமலேயே அதன் பெயர் மாறிற்று. நம் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சிந்தெட்டிக் பெரும்பாலும் இந்த மூன்றாம் தொகுதியே. செமி என்பது இன்னும் நெகிழ்ந்த சொல். எத்தனை விழுக்காடு என்று டப்பாவில் பொதுவாக அச்சிடுவதில்லை.

மூன்றாம் தொகுதி தாழ்ந்ததன்று. வெப்பத்தைத் தாங்கும், எளிதில் ஆவியாகாது, நெடுநாள் கெடாது. ஆனால் நம் பழைய வண்டிக்கு அது வேண்டுமா என்பதற்கு விடை, டப்பாவின் பெரிய எழுத்துகளில் இல்லை. சிறிய எழுத்துகளில் இருக்கிறது. 20டபிள்யூ-40 என்பதில் முன்னெண் குளிரைக் குறிப்பது. 20டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 15 பாகையிலும், 5டபிள்யூ எண்ணெயைக் கீழே 30 பாகையிலும் சோதிக்கிறார்கள். பெரம்பலூரின் மார்கழிக் காலை அவற்றின் அருகிலும் வருவதில்லை. மெல்லிய எண்ணெய் காலையில் சற்று விரைந்து மேலேறும் என்பது மெய். அதற்கு மேல் அந்த எண்ணுக்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பின்னெண்ணோ, 100 பாகை வெப்பத்தில் எண்ணெய்க்கு உள்ள பிசுப்பின் அளவு. கையேடு 40 என்றால் 40தான். புதிய கார்களுக்கான 0டபிள்யூ-20, தேய்ந்த பழைய இஞ்சினுக்கு உரியதன்று.

அடுத்து ஏ.பி.ஐ. தரக்குறியீடு. எஸ்.எஃப். என்பது 1988க்குப் பின் வந்த பெரும்பாலான பெட்ரோல் இஞ்சின்களுக்குப் பொருந்தாது என்று அக்கழகமே எச்சரிக்கிறது. 2010இல் வந்த எஸ்.என்., 2020இல் வந்த எஸ்.பி. ஆகியவை பழைய கார்களுக்கும் போதுமானவை. ஆகவே எஸ்.எஃப். மட்டும் அச்சிட்ட டப்பாவைவிட, எஸ்.என். அச்சிட்ட மினரல் மேலானது. சிந்தெட்டிக் ஊற்றினால் சீல் கசியும் என்ற அச்சமும் முழுக்கப் பொய்யன்று. தொடக்ககாலச் செயற்கை எண்ணெய்கள் சில ரப்பரைச் சுருங்கச் செய்தன, பின்னர் அக்குறை களையப்பட்டது. இன்று கசிந்தால் சீலே பழுதாகியிருக்கும். ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் இஞ்சினுக்கு விலையுயர்ந்ததை ஊற்றிக்கொண்டேயிருப்பது வீண்.

அரியலூர்ச் சாலைக்கென்று ஒரு சேர்க்கை உண்டு. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகளின் பின்னால் புழுதியில் செல்லும் காருக்கு, மீதமாகும் பணத்தில் ஏர் ஃபில்டரையும் ஆயில் ஃபில்டரையும் உரிய காலத்தில் மாற்றுவதே நல்லது. வடிகட்டியைத் தாண்டி உள்ளே புகுந்த தூசியை எந்தத் தொகுதி எண்ணெயும் மலராக்கிவிடாது.

நல்ல தரக்குறியீடும் சரியான பின்னெண்ணும் உடைய சிந்தெட்டிக், மினரலைவிடச் சிறிதே கூடுதலான விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். இல்லையேல் மினரலையே காலந்தவறாது மாற்றலாம். மசகு என்ற சொல் நூற்றாண்டுகளாக மெல்லப் பொருள் மாறி வந்தது. சிந்தெட்டிக் ஒரே முடிவில் மாறிற்று. அந்த மாற்றத்துக்குரிய விலையை, 30 கிலோமீட்டர் ஓட்டிப் பணிக்குப் போகிறவர் தரவேண்டியதில்லை.