நிலவறைகளும் 'ஆம்' என்னும் இடைச்சொல்லும்

'அரசன் வந்தான்' என்பதற்கும் 'அரசன் வந்தானாம்' என்பதற்கும் வேறுபாடு ஓரசைதான். ஆயினும் முதல் தொடரில் சொல்பவன் தானே பொறுப்பேற்கிறான். இரண்டாவதில் பொறுப்பைத் தனக்கு முன் சொன்னவனிடமே விட்டுவிடுகிறான். மலாய் மொழியின் 'கொனோன்' இதே பணியைச் செய்வதை இம்மண்ணில் வாழும் நாம் அறிவோம். நம் பழைய இலக்கண நூலார் 'என்ப' என்று முடித்ததும் ஏறத்தாழ இந்த ஒழுக்கத்தின்பாற்பட்டதே. எகிப்தின் பிரமிடுகளுக்கும் ஸ்பிங்ஸ் சிலைக்கும் அடியில் மறைந்திருப்பதாகக் கூறப்படும் நிலவறைகளின் வரலாறு, பெரும்பகுதி, இந்த 'ஆம்' உதிர்ந்துபோன வரலாறாகும்.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்றார். ஹவாரா என்னுமிடத்தில் இருந்த பெருங்கட்டடத்தில் 3,000 அறைகள் உண்டென்றும், அவற்றுள் 1,500 தரைக்கு மேலும் 1,500 தரைக்கு அடியிலும் அமைந்தவை என்றும் எழுதினார். ஆனால் மேல் அறைகளைத் தாமே கண்டதாகவும், கீழ் அறைகளைக் காவலர்கள் காட்ட மறுத்ததால் அவற்றைப் பற்றிக் கேட்டதை மட்டுமே சொல்வதாகவும் அவர் தெளிவாகப் பிரித்துரைத்தார். மன்னர்களின் கல்லறைகளும் திருநிலை பெற்ற முதலைகளின் கல்லறைகளும் கீழே இருப்பதாகக் காவலர்கள் கூறினராம். பிறர் கூற்றைத் தெரிவிக்கும்போது வினையின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு கிரேக்க மொழியில் உண்டு. அந்த வசதியை அவர் நன்கு பயன்படுத்தினார். அவரை மேற்கோள் காட்டும் இக்கால நூல்களிலோ 1,500 நிலவறைகள் எஞ்சியிருக்கின்றன; 'கேட்டேன்' என்ற சொல் மட்டும் காணப்படுவதில்லை. 1880களின் இறுதியில் அங்கு அகழாய்வு செய்த பிளிண்டர்ஸ் பீட்ரி கண்டது, கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றபின் எஞ்சிய அடித்தளப் பரப்பும் கற்சில்லுகளுமே.

கீசாவில் உள்ள காஃப்ரே மன்னனின் பிரமிடைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒரே கட்டடத்தைப் பற்றி நால்வகைக் கூற்றுகள் நமக்குக் கிடைத்துள்ளன. அதனடியில் அறைகளே இல்லை என்றார் ஹெரோடோட்டஸ். 1818ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜியோவானி பெல்சோனி என்னும் இத்தாலியர் வழியைத் திறந்து உள்ளே சென்று, பாறையைக் குடைந்து அமைத்த அறையையும் அதில் கற்பேழையையும் கண்டார். முதல் கூற்று பிழையாயிற்று. பெல்சோனியும் முதல்வர் அல்லர். தமக்கு முன்பே வேறு சிலர் நுழைந்துள்ளனர் என்பதைச் சுவரில் இருந்த அரபு எழுத்து அவருக்குக் காட்டிற்று. இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற லூயிஸ் அல்வாரஸ், அமெரிக்க, எகிப்திய அறிஞர்களோடு சேர்ந்து, அந்த அறையிலேயே கருவிகளை வைத்து, விண்ணிலிருந்து வரும் மியூவான் துகள்கள் கல்லை ஊடுருவி வரும் அளவைக் கணக்கிட்டார். கல்லுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் அத்திசையிலிருந்து துகள்கள் மிகுதியாக வரும் என்பதே கருத்து. 1970இல் வெளிவந்த அவரது கட்டுரை, தாம் ஆராய்ந்தது பிரமிடின் பருமனில் 19 விழுக்காடே என்றும், அப்பகுதியில் புதிய அறை எதுவும் இல்லை என்றும் கூறியது. இந்த 19 என்ற எண்ணை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆராயாத 81 விழுக்காட்டைப் பற்றி அவர் வாய்திறக்கவில்லை.

நான்காவது கூற்று 2025 மார்ச்சில் வந்தது. இத்தாலிய ஆய்வாளர் குழு ஒன்று செய்தியாளர் கூட்டத்தைக் கூட்டி, துணைக்கோள் ரேடார் தரவுகளைக் கொண்டு இதே பிரமிடின் அடியில் எட்டு உருளை வடிவக் கிணறுகளைக் கண்டதாக அறிவித்தது. ஆழம் 648 மீட்டர். அவற்றின் அடியில் ஒவ்வொரு பக்கமும் 80 மீட்டர் அளவுடைய இரு கனசதுர அமைப்புகள். வண்ணப் படங்கள் சில நாள்களில் உலகெங்கும் பரவின. நம் புலனக் குழுக்களும் விலக்கல்ல. ரேடார் அலை நிலத்துக்குள் அத்துணை ஆழம் செல்லாது. ஆதலால், மேற்பரப்பின் நுண்ணதிர்வுகளிலிருந்து உள்ளமைப்பைக் கணித்ததாகக் குழுவினர் விளக்கினர். அறிவிக்கப்பட்டபோது அம்முடிவு துறை வல்லுநர்களின் மதிப்பாய்வைக் கடந்து எந்த ஆய்விதழிலும் வெளிவந்திருக்கவில்லை. தொல்லியல் ரேடார் வல்லுநர்களும் எகிப்தியத் தொல்லியலாளர்களும் அதனை மறுத்தனர்.

வல்லுநரல்லாத நாமும் ஒன்றைக் கேட்கலாம். அந்தப் பிரமிடுக்கும் ஸ்பிங்ஸ் சிலைக்கும் இடையே உள்ள நடைபாதையின் அடியில், 'ஒசைரிஸ் கிணறு' என்று அழைக்கப்படும் மூன்றடுக்குக் குழி ஒன்று உண்மையாகவே உள்ளது. 1990களின் இறுதியில் சாகி ஹவாஸ் அதனைத் தூர்வாரி ஆய்வு செய்தார். ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்திலேயே நிலத்தடி நீர் நின்றது. கற்பேழையைச் சுற்றிலும் நீர். 30 மீட்டரில் நீர் காணும் பாறையில் 648 மீட்டர் எவ்வாறு தோண்டினர், நீரை எங்கே இறைத்தனர்? வண்ணப் படங்கள் இதற்கு விடை கூறவில்லை. படத்துக்கு 'ஆம்' விகுதி சேர்க்க இயலாது என்பது அதன் இயல்பான குறை. கணிப்பால் வரைந்த உருவமும் காண்பவருக்குக் கண்ட பொருளாகவே தோன்றிவிடுகிறது.

இனி ஸ்பிங்ஸ். அதனுள் ஹர்மாயிஸ் என்னும் மன்னன் அடக்கம் செய்யப்பட்டதாக மக்கள் கருதுகின்றனர் என்று உரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டில் எழுதினார். இங்கும் 'கருதுகின்றனர்' என்பதைக் கவனிக்க. இருபதாம் நூற்றாண்டில் இக்கதைக்குப் புத்துயிர் தந்தவர் எட்கர் கேசி. அமெரிக்கரான இவர் உறக்கநிலையில் இருந்தவாறு கேள்விகளுக்கு விடை கூறுவார். கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் நாட்டினரின் ஆவணக்கூடம் ஸ்பிங்ஸ் சிலையின் அருகே புதைந்துள்ளது என்றும், அது 1990களின் பிற்பகுதியில் திறக்கும் என்றும் அவர் கூறினார். அட்லாண்டிஸ் கதையே பிளேட்டோவின் உரையாடலில் எத்தனை கை மாறி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எகிப்தியப் பூசாரி சோலோனுக்குச் சொன்னாராம். சோலோன் கிரிட்டியாஸின் பாட்டனாருக்குச் சொன்னாராம். பாட்டனார் பேரனுக்குச் சொன்னாராம். பேரன் சாக்ரடீசின் முன்னிலையில் சொல்கிறார். இத்தனை 'ஆம்' களையும் உதறிவிட்டு, கேசியின் உறக்கம் அதை நேரடிச் செய்தியாக்கிவிட்டது.

1998 கடந்தது. கூடம் திறக்கவில்லை. ஆனால் அதைத் தேடிப் போன ஓர் இளைஞரின் வாழ்க்கை மாறிற்று. கேசி அறக்கட்டளையின் உதவியுடன் 1970களில் எகிப்துக்குச் சென்ற மார்க் லேனர், கேசியின் கூற்றுகளுக்கு ஆதரவாக 1974இல் ஒரு நூலே எழுதியவர். கீசாவின் பாறையையும் மண்ணையும் ஆண்டுக்கணக்கில் அளந்தபின், அவை தம் நம்பிக்கைக்கு இடந்தரவில்லை என்று உணர்ந்தார். ஸ்பிங்ஸ் சிலையைக் கல் கல்லாக வரைபடமாக்கினார். யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சிலைக்குத் தெற்கே, பிரமிடுகளைக் கட்டியவர்களின் குடியிருப்பையும் அவர்கள் ரொட்டி சுட்ட அடுமனைகளையும் அகழ்ந்தெடுத்தார். மாற்றுக் கருத்தாளர் சிலர் இதனைத் துரோகம் என்பர். எனக்கு இது ஆய்வு நேர்மையாகத் தோன்றுகிறது.

நிலவறைக் கருதுகோள் எல்லாமே பழிக்கத்தக்கது என்று நான் கூறவில்லை. துட்டங்காமூன் கல்லறைச் சுவருக்குப் பின்னால் நெஃபெர்டிட்டி அரசியின் அறை இருக்கலாம் என்று நிக்கோலஸ் ரீவ்ஸ் 2015இல் எழுதினார். 'இருக்கலாம்' என்றே எழுதினார். ரேடார் ஆய்வுகள் முன்னுக்குப்பின் முரணாக வந்தன. 2018இல் தூரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, அறை இல்லை என்று அறிவித்தது. தோற்கத்தக்க வடிவில் வைக்கப்பட்ட கருத்து தோற்றது, அவ்வளவே. மறுபுறம், கூஃபு மன்னனின் பெரிய பிரமிடில் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள இடைவெளி ஒன்றை 2017இல் மியூவான் முறையால் கண்டறிந்தனர். அவர்கள் அதனை 'அறை' என்று அழைக்கவில்லை, 'வெற்றிடம்' என்றனர். அறை என்றால் அமைத்தவனும் நோக்கமும் உடன் வந்துவிடும். 2023இல் வடக்கு முகப்பின் பின்னால் உள்ள 9 மீட்டர் நீள இடைகழியைச் சிறு கேமராவைச் செலுத்திக் கண்ணாலேயே கண்டபின்தான் 'இடைகழி' என்ற சொல் உறுதிப்பட்டது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். அட்லாண்டிஸ் மக்கள் கட்டினர், மறைந்துபோன வேறோர் இனம் கட்டிற்று என்று சொல்லும்போது, கட்டிய எகிப்தியரின் பெயர் அழிகிறது. அவர்களோ எழுதி வைத்துவிட்டே போயிருக்கின்றனர். 2013இல் செங்கடற்கரையின் வாடி அல்-ஜார்ஃப் என்னுமிடத்தில் பியர் தாலேயின் குழு பாப்பிரஸ் சுவடிகளைக் கண்டெடுத்தது. பாறையில் குடைந்த கூடங்களின் வாயிலை அடைத்திருந்த கற்பாளங்களின் அருகே அவை கிடந்தன. கூஃபு ஆட்சியின் இறுதிக் காலத்தவை. எழுத்துடன் கிடைத்த பாப்பிரஸ்களுள் மிகப் பழையவை. அவற்றுள் ஒன்று மெரெர் என்னும் மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு. தூரா சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றினோம், படகில் இரவு தங்கினோம், கீசாவுக்குச் சேர்ந்தோம் என்று நாள்தோறும் பதிந்த வேலைக் கணக்கு. அதில் மறைபொருள் எதுவும் இல்லை. 'ஆம்' போடவும் இடமில்லை; செய்தவனே எழுதியது.

அதே செங்கடற்கரையில், மெரெருக்கு ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்குப் பின், நம் மொழியும் தடம் பதித்தது. குசெயிர் அல்-கதீம் துறைமுகத்தில் கிடைத்த பானையோடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளன. வேறோர் ஓட்டில் 'பானை ஒறி' என்று காணப்படுகிறது. 'ஒறி' என்பது நாம் இன்று 'உறி' என்று வழங்கும் சொல்லே என்று ஐராவதம் மகாதேவன் விளக்கினார்.