துறவும் வீட்டார் இசைவும்

சித்தார்த்தர் நள்ளிரவில், துயிலும் மனைவியையும் மகவையும் நோக்கிவிட்டுக் குதிரையேறிச் சென்றார் என்பதே பலரும் அறிந்த கதை. மச்சிம நிகாயத்தின் அரியபரியேசன சூத்திரத்திலோ இரவுமில்லை, குதிரையுமில்லை. பெற்றோர் கண்ணீர் சொரிந்து மறுத்து நிற்க, இளைஞரொருவர் தலைமயிரைக் களைந்து வீட்டைவிட்டு வெளியேறுகின்றார். அக்கண்ணீரைப் பிற்காலக் கதையாசிரியர்கள் இருளில் மறைத்துவிட்டனர் போலும்.

கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியிற் கங்கைச் சமவெளியில் நகரங்களும் வாணிகமும் பெருகின. சொத்துடைய வீடுகளுக்கு மகன் இன்றியமையாதவனானான். இருடியர், தேவர், பிதிரர் ஆகிய மூவர்க்கும் பிராமணன் பிறவிக் கடனாளி என்றும், பிதிரர் கடன் மகப்பேற்றினாலேயே தீருமென்றும் தைத்திரீய சங்கிதை ஏலவே விதித்திருந்தது. கடனாளி காட்டை நாடுவது தப்பியோடுதலன்றி வேறென்ன?

இந்நெருக்கடியை இரட்டபாலர் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது. குரு நாட்டுச் செல்வக் குடும்பமொன்றின் ஒரே மகன் அவர். பெற்றோர் இசையாமையால் வெறுந்தரையிற் கிடந்து உணவை மறுத்தார். அவர் இறந்துபடுவாரென அஞ்சியே அவர்கள் இணங்கினர். பின்னாளில் அவர் பிச்சை ஏற்க வந்தபோது, தந்தை மகனென்று அறியாமலே, தம் ஒரே மகனைக் கொண்டுபோனவர்கள் இம்மொட்டையர்களே என்று வைதார். எறியவிருந்த பழங்கூழை இட்ட பணிப்பெண்தான் கைகால்களைக் கொண்டு அவரை அடையாளங்கண்டாள். மறுநாள் பொற்குவியலும், அணிபூண்ட முன்னாள் மனைவியரும் அவர்முன் நிறுத்தப்பட்டனர். பொன்னை வண்டியிலேற்றிக் கங்கையிற் கொட்டுமாறு கூறி அவர் அகன்றார். இது நடந்ததோ இல்லையோ, மகனை இழந்த வீடுகளின் சினம் இதிற் பதிந்துள்ளது.

அச்சினத்தைச் சங்கமும் புறக்கணிக்கவில்லை. மகாவக்கம் கூறுமாற்றால், தாயின் ஏவலால் உரிமைச் சொத்துக் கேட்டு வந்த சிறுவன் இராகுலனுக்குத் துறவே அளிக்கப்பட்டது. மகனையும் நந்தனையும் முன்னரே இழந்திருந்த சுத்தோதனர், இனிப் பெற்றோர் இசைவின்றி எவருக்கும் துறவளித்தலாகாதென வேண்டினார். அது விதியாயிற்று.

கௌடிலியரின் நோக்கு வேறு. மனைவி மக்களின் வாழ்வுக்கு வழி செய்யாது துறப்பவனுக்கு அவர் தண்டம் விதிக்கின்றார். இங்குப் பேசப்படுவது கண்ணீரன்று, சோறு. மனு மேலும் ஒருபடி சென்று, தோல் திரைந்து, மயிர் நரைத்து, பேரனைக் கண்டபின்னரே காடேகலாம் என வரையறுத்தார். இளைஞரின் மீறலாயிருந்தது முதியோரின் ஓய்வாகிவிட்டது. தண்டமும் தடையும் இத்துணை தேவைப்பட்டமையே, வீட்டைவிட்டோடியவர் சிலரல்லர் என்பதற்குச் சான்றாகும்.

எனினும் பிக்குவாகும் ஆடவன் மனைவியின் இசைவைப் பெறவேண்டும் என விநயம் விதிக்கவில்லை. பெண் துறக்கவோ பெற்றோரின் இசைவும் கணவனின் இசைவும் வேண்டியிருந்தன. மகனைத் தந்தையிடம் அனுப்பி அவனையும் இழந்த அந்தப் பெண்ணுக்கு மகாவக்கத்திற் பெயரில்லை. அவள் ‘இராகுலனின் தாய்’ மட்டுமே.