ஜன்னல் மணிகளும் அரிக்கமேடும்

ஒளி ஊடுருவும் கண்ணாடி மணிகளை நைலான் நரம்பில் கோர்த்து ஜன்னலில் தொங்கவிட்டால், வெயில் பட்டதும் சுவரில் வண்ணப் புள்ளிகள் விழும். வீட்டில் குழந்தைகள்கூடச் செய்யலாம். ஆனால் அந்த மணியில் துளை போட்டது யார்?

கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், புதுச்சேரியை அடுத்து அரிக்கமேடு வரும். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த இடம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மறுபடி சூடாக்கி விளிம்பை மழுக்கினார்கள். குழாயை நறுக்குவதால் துளை தானாகவே அமைந்துவிடும்! ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டாம் என்பதால் ஏராளமாகச் செய்ய முடிந்தது. இவ்வகை மணிகள் தாய்லாந்து, வியட்நாம் வரை கிடைத்துள்ளன.

அரிக்கமேட்டு உலைகள் எப்போதோ அணைந்துவிட்டன. ஆனால் ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் 20-ஆம் நூற்றாண்டிலும் இப்படிக் குழாய் இழுத்து மணி செய்தார்கள். பழைய மணிகள் எப்படிப் பிறந்தன என்று ஆய்வாளர்களுக்குப் புரிந்ததே அந்தக் கைகளைப் பார்த்துத்தான். அருங்காட்சியகத்தில் மணி இருக்கும். செய்முறை கைகளில்தான் இருக்கும்.